புது வடிவம் யாருடையது?

அன்புள்ள பேத்திக்கு,

பூக்கல் என்னும் தரைக்கல்லுக்காகச் செயற்கை நுண்ணறிவு வரைந்த வடிவங்களை அனுப்பி, "இயந்திரத்துக்கும் கற்பனை உண்டா, ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். படங்கள் அழகாகவே இருக்கின்றன. பழையதைப் பார்த்துச் செய்ததுதானே என்று அவற்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம் பெரிய வீடுகளுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியத் தரைக்கற்களின் சாயல் ஆத்தங்குடிப் பூக்கல்லிலும் உண்டு. பார்த்துப் பழகாத கலை ஏது?

கணக்கிலிருந்து அழகு பிறக்கும் என்பதும் நமக்குப் புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-இல் கோலத்துக்குக் கணித இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்தினால் சின்னக் கோலம் பெரிய கோலமாக விரியும். அங்கே விதியை மனிதர் எழுதினார்கள். இன்றைய இயந்திரம் எண்ணற்ற படங்களிலிருந்து ஒழுங்கைத் தானே கற்றுக்கொள்கிறது.

படைப்புத் திறனை மூன்றாகப் பிரித்தார் பிரிட்டன் அறிஞர் மார்கரெட் போடன்: தெரிந்தவற்றைப் புதிதாக இணைப்பது, ஒரு மரபுக்குள் புது வழி தேடுவது, மரபின் எல்லையையே மாற்றுவது. முதல் இரண்டும் இயந்திரத்துக்குக் கைவந்துவிட்டன. மூன்றாவதற்கு, இருப்பது போதவில்லை என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அந்தப் போதாமை இயந்திரத்துக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போதாமை எப்படிப்பட்டது என்று அறியப் பூக்கல் பட்டறைக்குப் போய்ப் பார். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் அச்சு. அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார் தொழிலாளி. குழம்பு நீர்த்திருந்தால் அச்சைத் தூக்கியதும் ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிவிடும். பிறகு சிமெண்டும் மணலும் கலந்து மேலே இட்டு, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். கண்ணாடியிலிருந்து பிரித்த பிறகே கல்லின் முகம் தெரியும். சரியில்லை என்றால் ஒதுக்குபவரும் அவரே, அடுத்த கல்லில் திருத்துபவரும் அவரே.

இயந்திரம் நூறு வடிவம் தரும். எதையும் தன்னுடையது என்று தாங்கிப் பேசாது. ஆகவே என் முடிவு இது: புதுமை அதனிடம் உண்டு, படைப்புப் பொறுப்பு இல்லை. அந்தப் பொறுப்பை நீ ஏற்றுக்கொள், ஆத்தா. அனுப்பியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு. ஏன் அது, எந்த வீட்டுக்கு, யார் நடக்க என்று எழுது. பிடிக்காத கோட்டை உன் கையால் மாற்று. அப்புறம் பட்டறையில் ஒரு கல் வார்த்துப் பார்.

அன்புடன்,
ஐயா