குடிக்கும் கணவரைப் பிரிந்திருக்கிறீர்களா? முதலில் பணத்தைப் பாருங்கள்

மது மலிவு என்று நாகூர்ப் பக்கமிருந்து எல்லையோர வாஞ்சூருக்கு ஆள் வரும் ஊர் காரைக்கால். அந்த மலிவில் கரைவது பெரும்பாலும் வீட்டுப் பணம்.

கூட்டுக் கணக்கில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்றிருந்தால், இருவர் கையெழுத்தும் வேண்டும் என மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் வருமானத்துக்குத் தனிக் கணக்கு. ஏடிஎம், யுபிஐ ரகசிய எண்களை அன்றே மாற்றுங்கள். நாமினி பெயரையும் பாருங்கள்.

அவர் தனியாக வாங்கிய கைக்கடன் உங்கள் தலையில் விழாது, ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை. "ஒரு கையெழுத்துதானே அண்ணி" என்று யார் வந்தாலும் போடாதீர்கள். உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா என்று சிபில் அறிக்கையில் வருடம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம்.

தாய்வீட்டு நகை சீதனம், அது உங்களுடையது. பில், கல்யாணப் போட்டோ பத்திரம். அடகில் இருந்தால் ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி கோர்ட் உத்தரவிட்ட தொகையை அவர் கட்டத் தவறினால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக உங்களிடம் தரும்படி முதலாளிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு: 15100 எண்ணுக்கு அழையுங்கள். அடி, மிரட்டல் என்றால் 181.