குதிக்கால் வலியும் காலைப் பெரட்டும்

காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி குத்துவது போல வலிக்கிறதா? கொஞ்சம் நடந்ததும் குறைந்து, பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழும்பும்போது திரும்பவும் வருகிறதா? இது வாதமும் இல்லை, செய்வினையும் இல்லை. குதி எலும்பிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார் நொந்துபோயிருக்கிறது. கூடையோடு மேடேறி, நாள் பூராவும் நின்று கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளுக்கு கெண்டைக்காலும் இறுகி அந்த நாரை இன்னும் இழுக்கும்.

பாயை விட்டு எழும்பும் முன்பே காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பக்கம் போட்டு நம் பக்கமாக இழுத்து 30 வரை எண்ணுங்கள். இப்படி மூன்று தடவை. பெரட்டுக்கு நேரமாச்சு என்று சொல்லாதீங்க, மூன்று நிமிஷம்கூட ஆகாது. செருப்பு போட்ட பிறகுதான் சீமெந்துத் தரையில் கால் வைக்க வேண்டும். குதி தேய்ந்த செருப்பு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பின்னேரம் போத்தலில் குளிர்ந்த பீலித் தண்ணீர் நிரப்பி உள்ளங்காலால் 10 நிமிஷம் உருட்டுங்கள்.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை வைத்து மிதிப்பது பழைய வழக்கம். சீனி வருத்தக்காரர் இதைச் செய்யவே கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது; கொப்புளம் போட்டு, புண்ணாகி, கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வரும்.

ஒரு வாரத்தில் சுகமாகாது. மாதக்கணக்கில் எடுக்கும், ஆனால் அநேகருக்கு ஒரு வருஷத்துக்குள் போய்விடும். வீக்கம், காய்ச்சல், மரமரப்பு இருந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, பேர் போகுமென்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.