இரக்கமும் கணக்கும்



வாயில்லாச் சீவன்களிடத்தில் இரக்கம் கொள்ளுதல் தமிழர்தம் பழம்பண்பாகும். கன்றை இழந்த பசுவுக்கும் நீதி வழங்கிய மனுநீதிச் சோழனின் கதையை நாம் அறிவோம். திருவள்ளுவரும் தம் நூலின் 25ஆம் அதிகாரத்தை அருளுடைமைக்கென வகுத்தார். ஆயினும், வண்டி மோதிக் கால் முறிந்து கிடக்கும் நாயைக் கண்டு "ஐயோ, பாவம்!" என்று சொல்வதனால் மட்டும் அதன் எலும்பு கூடிவிடாது. அதற்கு மருத்துவம் வேண்டும். மருத்துவத்திற்குப் பணம் வேண்டும். பணம் திரட்டுவதற்கு ஒழுங்கு வேண்டும்.

முதற்கண் செய்ய வேண்டுவன

அடிபட்ட நாய் வலியினால் தன்னை வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். ஆகவே, சிறுவர் அதனை நெருங்கலாகாது. பெரியவரை அழைத்தல் வேண்டும். அவர் குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, நாயைப் பலகையிலோ தடித்த போர்வையிலோ கிடத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். நாம் உண்ணும் வலி மாத்திரையை அதற்குக் கொடுத்தல் கூடாது. அது நஞ்சாக முடியலாம். நாய் எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் தோன்றிய வெறிநாய்க்கடி நோய் மனித உயிர்களையும் கொண்டு சென்றது என்பதை மறத்தலாகாது.

செலவு எங்ஙனம் பெருகுகிறது?

அறுவைச் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தேவை எனப் பலர் எண்ணுகின்றனர். எக்ஸ்ரே படம், மயக்க மருந்து, எலும்பைப் பிணைக்கும் தகடு, மருத்துவமனையில் தங்கும் கட்டணம் ஆகியவற்றிற்கும் பணம் வேண்டும். வளர்ந்த நாயின் முறிந்த எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை உணவும் மருந்தும் மறுசோதனையும் தேவை. காலைக் காக்க இயலாவிடின் அதனை அகற்றுவதும் உண்டு. மூன்று கால்களுடன் மகிழ்ந்து ஓடித் திரியும் நாய்கள் பல. எனவே, எவ்வழி நாய்க்கு நலம், எவ்வழி நம் சக்திக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்டல் வேண்டும்.

வரலாறு தரும் பாடம்

1824ஆம் ஆண்டு லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் முதற் செயலாளர் ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார். சங்கத்தின் வரவை விஞ்சிச் செலவு மிகுந்தது. சங்கம் பட்ட கடனுக்காக 1826ஆம் ஆண்டு அவரே சிறை புகுந்தார். ரிச்சர்டு மார்ட்டின், லூயிஸ் கோம்பெர்ட்ஸ் என்னும் நண்பர்கள் பணம் திரட்டி அவரை மீட்டனர். அச்சங்கமே 1840ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் ஆதரவால் 'அரச' என்னும் அடைமொழி பெற்றது. இரக்கம் பெரிதாயினும், கணக்கு தவறினால் அதன் சுமை ஒருவர் தலையில் விழும் என்பதே இதனால் விளங்குவது.

பணம் திரட்டும் முறை

1. மருத்துவரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுக.

2. மலேசியாவில் வீடு வீடாகவும் தெருவிலும் பொது வசூல் செய்வதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆதலின், மாணவர் தாமே உண்டியல் ஏந்திச் செல்லலாகாது. பெற்றோர், தலைமையாசிரியர் ஆகியோரின் வழிகாட்டலை நாடுக.

3. பணத்தை இருவர் பொறுப்பில் வைத்து, ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது தருக. கட்டணத்தை மருத்துவமனைக்கு நேரே செலுத்துக.

4. பணம் மிஞ்சினாலோ, நாய் பிழைக்காவிட்டாலோ, எஞ்சிய தொகை எதற்குப் பயன்படும் என்பதை முன்னரே அறிவித்திடுக.

5. எவரையும் வற்புறுத்தற்க. சமய வழக்கத்தால் நாயைத் தொடாதவரும் உளர். குடும்ப நிலையால் கொடுக்க இயலாதவரும் உளர். பழைய போர்வை தருவதும், வண்டியில் ஏற்றிச் செல்வதும் உதவியே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மதிப்பீடு 1,200 வெள்ளி எனக் கொள்வோம். ஒருவர் தனியே தாங்குவதற்கு அது பெருந்தொகை. 40 குடும்பங்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கொடுத்தால் 3 மாதத்தில் அத்தொகை சேர்ந்துவிடும். தவணையை மருத்துவமனை ஏற்குமா என்பதை மட்டும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர் தரும் பத்து வெள்ளி, அவர் வீட்டு அரிசியிலிருந்து எடுத்துத் தருவது. கணக்கு ஒருமுறை பிசகினால், அடுத்த முறை அடிபட்டுக் கிடக்கும் உயிருக்கு எக்கதவும் திறவாது. கணக்கைத் தெளிவாக எழுதி, பள்ளியின் அறிவிப்புப் பலகையில் யாவரும் காண ஒட்டுதல், கொடுத்தவர்க்கு நாம் செய்யும் நன்றியாகும். இனி அடிபடப்போகும் உயிருக்கு நாம் செய்யும் உதவியுமாகும்.

சிந்திக்க:

1. அடிபட்ட நாய்க்கு நம் மாத்திரையைத் தரலாகாதது ஏன்?

2. புரூம் சிறை சென்றதற்குக் காரணம் யாது?

3. 1,200 வெள்ளியை 60 குடும்பங்கள் 4 மாதத்தில் செலுத்தினால், ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு தர வேண்டும்?