பழைய மோட்டார் காரின் உஷ்ண வால்வு: தேர்ந்தெடுக்கும் முறையும் பரீட்சிக்கும் முறையும்

கோடை காலத்தில் அவனியாபுரத்திலும் மதுரையைச் சுற்றிய சமவெளிக் கிராமங்களிலும் பழைய அம்பாஸடர் கார் வைத்திருப்போர் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால், முதலில் தெர்மோஸ்டாட் என்னும் உஷ்ண வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "நம்முடைய உஷ்ண தேசத்திற்கு அது எதற்கு?" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இந்த அபிப்பிராயம் தவறானது. அதனால் உண்டாகும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரியாததால் நீடித்து வருகிறது. புதிய வால்வை வாங்குமுன்னும் பொருத்துமுன்னும் அங்கத்தினர்கள் அறிய வேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

1. வால்வின் வேலை

கண்மாயின் மடையை நீர்பாய்ச்சி வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது அடைப்பது நாமறிந்ததே. உஷ்ண வால்வு யந்திரத்தின் மடை. யந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்லும் வழியில் அது அமர்ந்திருக்கிறது. அதனுள் ஒரு சிறு குப்பியில் மெழுகு அடைபட்டிருக்கும். தண்ணீர் குறித்த உஷ்ணத்தை அடைந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரையில் ரேடியேட்டருக்கு நீர் போகாது. யந்திரம் விரைவில் பதமான சூட்டுக்கு வரும்.

வால்வில்லாத யந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். அப்போது பெட்ரோல் முற்றும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும். அடித்தொட்டியிலுள்ள எண்ணெயிலும் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆகையால் பெட்ரோல் செலவு கூடும். பிஸ்டன் வளையங்கள் சீக்கிரம் தேயும்.

முக்கியமான விஷயம் இன்னொன்றுண்டு. வால்வு நிர்ணயிப்பது யந்திரத்தின் குறைந்தபட்ச உஷ்ணத்தை மாத்திரமே. மடை முழுவதும் திறந்தபின் நீர்பாய்ச்சிக்கு வேலையில்லை. அதுபோல வால்வு முழுவதும் திறந்தபின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர், விசிறி, பம்பு ஆகியவற்றின் பொறுப்பு. சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்தால், உப்பு நீரால் காறை படிந்த ரேடியேட்டரையும் தளர்ந்த விசிறிப் பட்டையையும் பழுதான மூடியையும் முதலில் பாருங்கள். திறவாமல் சிக்கிக்கொண்ட வால்வும் காரணமாகலாம். அதற்கும் பரிகாரம் நல்ல வால்வைப் போடுவதே.

2. தேர்ந்தெடுத்தல்

(அ) எண்: திறக்கும் உஷ்ணம் வால்வின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் யந்திரம் பிரிட்டிஷ் வமிசத்தது. அவ்வமிசத்து யந்திரங்களுக்கு உஷ்ண தேசத்திற்கு 74, சாதாரண உபயோகத்திற்கு 82, கடுங்குளிருக்கு 88 சென்டிகிரேட் டிகிரி என்று வகைகள் உண்டு. நமக்கு முதலிரண்டுமே ஏற்றவை. வண்டியின் கைப்புத்தகம் சொல்வதே பிரமாணம்.

(ஆ) அளவு: விளிம்பின் குறுக்களவு, கனம், கீழே இறங்கும் நீளம் ஆகிய மூன்றையும் பழைய வால்வோடு ஒப்பிடுக. விளிம்பு தன் பள்ளத்தில் மட்டமாய் உட்காராவிட்டால் நீர் கசியும்.

(இ) பக்கவழி: சில யந்திரங்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டோ உறையோ ஒரு பக்கவழியை அடைக்கும். அந்த உறுப்பில்லாத வால்வைப் போட்டால், சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். வால்வை அறவே எடுத்துவிட்டாலும் இதே கதிதான்.

(ஈ) காற்றுத் துவாரம்: விளிம்பில் சிறு துவாரமும் அதில் ஆடும் ஊசியும் இருப்பது சிலாக்கியம். நீர் ஊற்றும்போது உள்ளே அடைபட்ட காற்று அதன் வழியே வெளியேறும்.

3. பரீட்சை

உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆகையால் கடையில் கிடைப்பது பல கைகள் செய்த சரக்கு. புதியதானாலும் பரீட்சியாமல் பொருத்தலாகாது. வேண்டியவை ஒரு சட்டி, அடுப்பு, நூல், 100 டிகிரிக்கு மேலும் காட்டும் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, உடைந்துபோகும்.

முதலாவது, குளிர்ந்த வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காற்றுத் துவாரம் தவிர வேறு இடுக்கு தெரியலாகாது.

இரண்டாவது, வால்வின் வாயைச் சற்றே விலக்கி நூலை அதில் கவ்வவிட்டு, சட்டியின் அடியைத் தொடாதபடி நீரில் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டரும் அடியைத் தொடலாகாது.

மூன்றாவது, நீரைக் கலக்கிக்கொண்டே மெதுவாய்ச் சூடேற்றுங்கள். வாய் திறந்ததும் வால்வு நூலை விட்டு விழும். அந்தக் கணத்து உஷ்ணத்தைக் குறியுங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் சரி.

நான்காவது, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் வாய் நன்றாய் அகன்றிருக்க வேண்டும். பாதியில் நின்றால் தள்ளுங்கள்.

ஐந்தாவது, அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். வால்வு தானே முற்றும் மூடவேண்டும். மறுமுறையும் செய்து பார்த்து, இரு முறையும் ஒத்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. பொருத்துதல்

சூடான யந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். யந்திரம் ஆறியபின் நீரை வடித்து, பழைய காகித அடைப்பைச் சுரண்டி, புதியது இடுங்கள். மெழுகுக் குப்பி யந்திரத்தை நோக்க வேண்டும். மரைகளை மாற்றி மாற்றிச் சமமாய் முடுக்குங்கள். கிணற்று உப்பு நீர் வேண்டாம். வாலைநீரும் கூலண்டும் சேர்த்து மெதுவாய் ஊற்றுங்கள். யந்திரத்தை ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிஷம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சுட்டால், வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அறியலாம்.

தெர்மாமீட்டர் ஒன்றைச் சங்கத்தின் பொதுச் செலவில் வாங்கி வைத்தால் எல்லா அங்கத்தினர்களுக்கும் உதவும். ஒரு மணி நேரப் பரீட்சை ஒரு யந்திரத்தைக் காப்பாற்றும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க:
1. வால்வைக் கழற்றி ஓட்டுவதால் வரும் நஷ்டங்கள் யாவை?
2. 82-க்குப் பதில் 74 போட்டால் கோடைக் கொதிப்பு ஏன் தீராது?
3. புதிய வால்வையும் பரீட்சிக்க வேண்டியது ஏன்?