உப்புக்காற்று ஊரில் கட் பொலிஷ்

நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அங்கே இரவு முழுக்க வெளியில் நின்ற காரின் பொனற்றில் காலையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்காது, பிசுபிசுப்போடு சேர்ந்து நறநறவென்று தட்டும். உப்பும் மணலும்தான் அது. இதைப் பழந்துணியால் உலரத் துடைத்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும் நுண்கீறல்கள் இப்படித்தான் சேருகின்றன. பிறகு மங்கிவிட்டதென்று கட் பொலிஷுக்கு ஓடுகிறோம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இருக்கிற வாகனத்தையே பேண வேண்டிய அந்த ஐந்து வருடங்களில் கட் பொலிஷ் பலருக்கும் வழக்கமாகிப்போனது. எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. அதற்குப் பாவிக்கும் கொம்பவுண்டைச் சவர்க்காரம்போல நினைத்துக் கையாளுகிறார்கள்.

தொழிற்சாலைப் பெயின்ற் முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன். அதில் மேலே கண்ணாடிபோல இருக்கும் கிளியர் 40, 50 மைக்ரோன் மட்டும். சாதாரண போட்டோக்கொப்பித் தாளின் தடிப்பில் பாதி என்று வையுங்கள். நிறத்தை வெயிலிலிருந்து காப்பது அதுதான். கொம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட் தூள். கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து இறக்குகிறது. அதனால் கீறல் மறைகிறது. எனக்குத் தொழில் காட்டித் தந்த ஒரு முதிய பெயின்ற்காரர் சொல்வார்: “மனே, கிளியரக் குடுத்துத்தான் மினுக்கம் வாங்குறம். பாத்துக் குடு.”

முதலில் வாகனம் இந்த வேலைக்கு ஏற்றதா என்று பாருங்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டுங்கள்; நகம் மாட்டினால் அந்தக் கீறலைத் துரத்தவேண்டாம், கொஞ்சம் மங்கச் செய்தால் போதும். கிளியர் செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்தக் கொம்பவுண்டும் உதவாது, மறுபெயின்ற்தான். ஒரு மூலையில் சிறிது தேய்த்ததும் துணியில் வாகனத்தின் நிறம் ஏறினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பழைய வகைப் பெயின்றாக, கிளியரே இல்லாமல் இருக்கலாம். அல்லது கிளியர் தீர்ந்து நிறத்தில் கை வைத்துவிட்டீர்கள். இரண்டிலும் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அடுத்து கழுவுதல். நிறையத் தண்ணீர் விட்டு உப்பையும் மணலையும் ஓடவிட்ட பிறகுதான் சம்பூவும் துணியும். கிணறு சவர்த் தண்ணீரென்றால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். சவர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கழுவிய பின்னும் கைக்குச் சொரசொரத்தால் சம்பூத் தண்ணீர் தடவி, கிளே கட்டியை மெதுவாக வழுக்கி ஓட்டுங்கள். கட்டி நிலத்தில் விழுந்தால் எடுத்துப் பாவிக்காதீர்கள். றப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் கூரான விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் கிளியர் மெல்லியது. என் சொந்த வேனின் பொனற் விளிம்பை டேப் ஒட்டாமல் தேய்த்து, ஒரு விரல் நீளத்துக்கு அடிப்பூச்சு தெரிய வைத்தேன். இன்றும் அதைப் பார்த்தால் மனம் நோகும்.

நேரம் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்குப் பிறகு வெளியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காற்று கொண்டுவரும் மணல் தேய்க்கும் பஃபில் ஏறினால் அதுவே புதுக் கீறல் போடும். தகரம் சுட்டாலோ பொலிஷ் பசை உடனே காய்ந்துவிடும். விடிகாலை, நிழல், கையை வைத்தால் குளிர்கிற தகரம்: இதுதான் வேண்டும்.

இனி பரீட்சைத் துண்டு. ஓரடிச் சதுரத்தில் மிக மென்மையான பொலிஷையும் மென்மையான ஸ்பொஞ்ச் பஃபையும் முதலில் முயலுங்கள். கீறல் போகாவிட்டால்தான் ஒரு படி கரடான பொலிஷ், பிறகு கொம்பவுண்ட். எடுத்த எடுப்பிலேயே கம்பளி பஃபும் கரடான கொம்பவுண்டும் வேண்டாம். புதிதாகப் பழகுபவர் றோட்டரி மெசினை விட்டு, சுற்றிக்கொண்டே அசையும் டீ.ஏ. மெசினை எடுப்பது நல்லது. ஒரே இடத்தைச் சூடாக்கி எரிப்பது அதில் குறைவு.

பஃபில் பயறளவு நான்கு பொட்டு. மெசினை இயக்காமல் தகரத்தில் ஒற்றுங்கள், குறைந்த வேகத்தில் இரண்டடிச் சதுரத்துக்குப் பரப்புங்கள், பிறகு நடுத்தர வேகம். இடம் வலமாகவும் மேல் கீழாகவும், ஒரு கோடு மற்றதன் பாதியில் ஏறும்படி, மெதுவாக நகர்த்துங்கள். கையின் பாரம் போதும், அழுத்தத் தேவையில்லை. பல கொம்பவுண்டுகளில் தூள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். அவசரப்பட்டு இடையில் நிறுத்தினால் கரடான தூளின் தடம் அப்படியே நிற்கும். பசை கலங்கலிலிருந்து கண்ணாடிபோலத் தெளியும்வரை, நாலைந்து சுற்று, விடாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பஃபைத் தூரிகையால் தட்டி, படிந்த தூளை எடுத்துவிடுங்கள்.

துடைத்ததும் பளபளப்பைக் கண்டு நம்பிவிடாதீர்கள். சில பொலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். நாலு தரம் கழுவினால் எல்லாம் திரும்பி வரும். ஐசோபுரோப்பில் அல்ககோல் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் போய் மென்மூட்டம் மட்டும் இருந்தால் நுண்பொலிஷும் மென்பஃபும் அதை எடுத்துவிடும். கறுப்பு வாகனத்தில் இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்க்கவே முடியாது.

கடைசியாக மெழுகு, மெல்லியதாக. மாரிக்கு முன், புரட்டாதியில் ஒரு தடவையும் கச்சான் தொடங்குமுன் ஒரு தடவையும் பூசினால் உப்பும் காக எச்சமும் கிளியரில் நேரே பிடிக்காது. எச்சம் விழுந்தால் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு, ஊறிய பின் ஒற்றி எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் மறுபடியும் மெசினை எடுக்க வேண்டிவரும்.