நம்ம ஊரை விளையாட்டுக்குள் கட்டலாம்: திருவண்ணாமலைக்கு ஒரு மோட் பணியிடம்

உங்கள் வீட்டுப் பிள்ளை போனில் பிளாக் அடுக்கி வீடு கட்டி விளையாடுகிறதா? திட்ட வேண்டாம். அதே விளையாட்டில் நம் ஊரின் கிரிவலப் பாதையைக் கட்டி, குடிநீர்க் குழாய் எங்கே வேண்டும், சாய்தளம் எங்கே வேண்டும் என்று எல்லோருக்கும் காட்ட முடியும். உலகில் சில இடங்களில் இதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 2012 முதல் ஐ.நா.வின் வாழிட அமைப்பு மைன்கிராஃப்ட் விளையாட்டைக் கொண்டு பொது இடங்களை மக்களோடு சேர்ந்து வடிவமைத்து வருகிறது. மும்பையின் லோட்டஸ் கார்டன் அப்படி உருவானதுதான்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது லுவாண்டி. 2010-இல் தொடங்கிய இதற்கு முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். 2024-இல் பெயர் மாறியது. காசு கட்ட வேண்டாம், விளம்பரமும் கிடையாது, மூல நிரல் திறந்தே இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். இதில் புதுப் பொருட்களைச் சேர்க்கும் துணுக்குக்குத்தான் "மோட்" என்று பெயர். லூவா என்ற எளிய மொழியில் எழுதுவார்கள்.

முதலில் அளவைப் பாருங்கள்

லுவாண்டியில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். நம் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். ஆக, 66 பிளாக் உயரம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விளையாட்டு உலகம் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 31,000 பிளாக் நீளும்; எனவே மலையும் பாதையும் உண்மை அளவிலேயே தாராளமாக அடங்கும். விளையாட்டில் நடை வேகம் நொடிக்கு 4 பிளாக். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேரில் நடந்தவருக்கு இது எவ்வளவு சுருக்கம் என்று தெரியும்!

ஒரே மோட் போதாதா?

எல்லாவற்றையும் ஒரே மோடில் கொட்டினால் முதல் வாரம் சுகமாகத்தான் இருக்கும். மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும்போது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

1. அருணை_கல்: கருங்கல், சுதை, செம்மண் போன்ற அடிப்படைப் பிளாக்குகள்.
2. அருணை_கோபுரம்: ராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க் கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம் ஆகியவற்றுக்கான பகுதிகள்.
3. அருணை_கிரிவலம்: இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களின் பெயர்ப் பலகைகள், பாதை, விளக்குகள்.
4. அருணை_வசதி: குடிநீர், கழிப்பறை, சாய்தளம், முதலுதவி.

இந்த நாலும் ஒரு "மோட்பேக்" ஃபோல்டருக்குள் இருக்கட்டும். லுவாண்டியில் பலரும் பயன்படுத்தும் மெசிகான்ஸ் என்ற மின்சுற்று மோட்பேக்கும் இப்படித்தான்: நடுவில் ஒரு அடிப்படை மோட், அதைச் சுற்றிப் பல சின்ன மோடுகள்.

பணியிடத்தை அமைப்பது

பெயர்களை இங்கே தமிழில் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் மோட் பெயரில் வரலாம், இடைவெளி விடக்கூடாது.

படி 1: "அருணை_பணி" என்று ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் நான்கு ஃபோல்டர்கள்: மோட்பேக், அசல் படங்கள், சோதனைக் குறிப்பு, காப்பு நகல்.

படி 2: மோட்பேக் ஃபோல்டரில் மோட்பேக்.கான்ஃப் என்ற கோப்பு. அதில் மோட்பேக்கின் பெயர் ஒரு வரி.

படி 3: ஒவ்வொரு மோட் ஃபோல்டரிலும் இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும். மோட்.கான்ஃப் அதன் அடையாள அட்டை மாதிரி. இனிட்.லூவா-வில்தான் நிரல் தொடங்கும்.

படி 4: மோட்.கான்ஃப்-இல் "டிபெண்ட்ஸ்" என்ற வரி. கோபுரம், கிரிவலம், வசதி மூன்றும் அருணை_கல்லை நம்பியிருப்பதாக எழுதுங்கள். இதை எழுதாவிட்டால் எது முதலில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கருங்கல் வருமுன் கோபுரம் கல்லைத் தேடி நின்றுவிடும். அஸ்திவாரம் போட்ட பிறகுதானே சுவர்!

படி 5: படங்களின் பெயருக்கு முன்னால் மோட் பெயரைச் சேருங்கள். எல்லா மோடுகளின் படங்களும் ஒரே பட்டியலில்தான் போய்ச் சேரும். இரண்டு பேர் "கல்" என்றே பெயர் வைத்தால் ஒன்றை மற்றது மறைத்துவிடும்.

படி 6: விளையாட்டின் "அபவுட்" பக்கத்தில் பயனர் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. அங்கே மோட்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் மோட்பேக்கை வையுங்கள். பிறகு உலகத்தைத் தேர்ந்து, "செலக்ட் மோட்ஸ்" பக்கத்தில் டிக் போடுங்கள்.

படி 7: மோட்பேக் ஃபோல்டரை "கிட்" மென்பொருளில் பதிவு செய்யுங்கள். யார், என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்பது அதில் நிற்கும். தப்பானால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

சோதனைக்குத் தனி உலகம்

இதுதான் ரொம்ப முக்கியம். கட்டிய ஊர் ஒரு உலகம். சோதனை செய்ய வேறொரு வெற்று உலகம். புது மோடை முதலில் வெற்று உலகத்தில் ஓட்டுங்கள். பிழை வந்தால் பயனர் ஃபோல்டரில் உள்ள டீபக்.டெக்ஸ்ட் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அதுவே சொல்லும்.

இன்னொன்று: ஒரு பிளாக்குக்கு வைத்த பெயரைச் சும்மா மாற்றாதீர்கள். மாற்றினால், ஏற்கெனவே கட்டிய கோபுரம் முழுக்க "தெரியாத பிளாக்" ஆகிவிடும். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய பெயரைப் புதுப் பெயரோடு இணைக்கும் "அலியாஸ்" வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

காப்பு நகல் ஏன்? 2014-இல் டென்மார்க் அரசின் நில அளவை முகமை, நாடு முழுவதையும் உண்மை அளவில் மைன்கிராஃப்டில் கட்டி மக்களுக்குத் திறந்துவிட்டது. வெடிபொருளை முடக்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வெடி ஏற்றிய சுரங்க வண்டியை மட்டும் முடக்காமல் விட்டார்கள். சில வாரத்தில் விளையாட்டாளர்கள் அதைக் கொண்டே கட்டடங்களைத் தகர்த்தார்கள். ஆகவே, வாரம் ஒருமுறை விளையாட்டை மூடிவிட்டு உலக ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள்.

போனில் எப்படிக் காட்டுவது?

மோட் எழுத கம்ப்யூட்டர்தான் வசதி. ஆனால் பார்க்கப் போன் போதும். லுவாண்டியில் மோடுகள் சர்வர் பக்கம்தான் ஓடும். கம்ப்யூட்டரில் "ஹோஸ்ட் சர்வர்" டிக் செய்து தொடங்குங்கள். அதே வைஃபையில் உள்ள போனில் லுவாண்டியைத் திறந்து, கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியும் 30000 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் போதும். படங்கள் தானாக இறங்கிக்கொள்ளும். போனில் மோட் எதுவும் போட வேண்டியதில்லை.

கவனிக்க

- இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே போடாதீர்கள். நீங்களே வரையுங்கள், அல்லது பகிர அனுமதி உள்ளதை மட்டும் எடுங்கள்.
- கோயிலுக்குள் படம் எடுக்குமுன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.
- மோட் கோப்புகளில் போன் எண், ஆதார் எண், கடவுச்சொல் எழுதவே கூடாது. கிட்டில் ஒருமுறை ஏறினால் பழைய பதிவிலும் அது இருக்கும்.

இதனால் என்ன பயன்?

சக்கர நாற்காலியில் வருபவருக்கான சாய்தளம் ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும் என்பது நடைமுறை அளவு. காகிதத்தில் இது வெறும் 1:12. விளையாட்டில் ஒரு பிளாக் ஏற 12 பிளாக் நீளத்துக்குக் கட்டிப் பார்த்தால், அந்த இடம் நம் தெருவில் இருக்கிறதா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். தீபத் திருநாள் கூட்டத்தில் குடிநீர் வரிசை பாதையை மறிக்குமா என்பதையும் பத்துப் பேர் போனில் நுழைந்து நடந்து பார்க்கலாம். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் "இங்கே வசதி இல்லைங்க" என்று சொல்வதோடு, "இப்படி அமைத்தால் இடம் போதும், பாருங்க" என்றும் காட்டலாம்.

இந்த வாரம் அருணை_கல் மோடை மட்டும் தொடங்குங்கள். ஒரே ஒரு கருங்கல் பிளாக் திரையில் வந்துவிட்டால், மீதி மூன்றுக்கும் வழி தெரிந்துவிடும்.