பாரம் ஏற்றும் சிறு மோட்டார் வண்டிகளின் வில் பட்டைகளை மாற்றவேண்டிய காலம்

நமது ஜில்லாக்களில் காய்கறி, பூ, முட்டை, தீவனம் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் வேலையை முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்தது. இந்நாளில் அதன் பெரும்பகுதியைப் பிக்கப் என்று வழங்கும் சிறு மோட்டார் வண்டியே செய்கிறது. வண்டி வாங்குங்கால் எஞ்சினையும் டயரையும் பற்றித் துருவித் துருவி விசாரிக்கும் குடியானவர்கள், பாரம் முழுவதையும் தாங்கும் வில் பட்டைகளைப்பற்றி, அவற்றுள் ஒன்று நடுவழியில் முறியும் வரையில் நினைப்பதில்லை. விடியற்காலைச் சந்தைக்குச் செல்லவேண்டிய தக்காளி நண்பகலில் போய்ச் சேருமாயின், அதற்குக் கிடைக்கும் விலை யாவரும் அறிந்ததே. ஆகையால், பட்டைகளை எப்பொழுது மாற்றுவது, மாற்றுங்கால் பழைய அளவிலேயே மாற்றுவதா அல்லது கூடுதல் பட்டை சேர்த்துக் கட்டுவதா என்னும் விஷயங்களை இங்கு ஆராய்வோம்.

வில் வண்டியைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு புதிதன்று. நீளம் படிப்படியாய்க் குறையும் உருக்குப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கப்பெற்று, நடுவில் ஒரு போல்ட்டினால் கோக்கப்பட்டு, யு போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்கிறது. இறங்கியதும் பழைய வளைவுக்கு மீள்கிறது. இவ்வாறு மீளும்போது உண்டாகும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்னும் எண்ணெய்க் குழல். பாரத்தைத் தாங்குவது பட்டை. ஆட்டத்தை நிறுத்துவது குழல். இவ்வேற்றுமையை அறியாமல், குழல் கெட்டதற்குப் பட்டையையும், பட்டை தளர்ந்ததற்குக் குழலையும் மாற்றிப் பணத்தை விரயம் செய்வோர் பலர்.

நல்ல உருக்கு, தன் எல்லைக்குள் எத்தனை முறை வளைந்தாலும் மீளும். எல்லை கடந்த பாரத்தை ஏற்றினால், மீளும்போது சிறிது குறைவாய் மீளுகிறது. வளைவு நாளடைவில் தட்டையாகிறது. அன்றியும், உருக்குக்குக் களைப்பு என்பதொன்று உண்டு. பட்டை தாங்கும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அதன் ஆயுள் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும் என்று எண்ணலாகாது. பாதிக்கும் கீழாய்க் குறைந்துவிடக்கூடும். இதனோடு துருவும் சேர்கிறது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களை ஏற்றும் வண்டியில், சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து பட்டைகளின் இடுக்கில் தங்கி உருக்கை அரிக்கிறது. அரித்த குழிகளே பிற்பாடு வெடிப்புக்கு வித்தாகின்றன. உரம் ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிடுவதற்கு ஒரு குடம் தண்ணீருக்குமேல் செலவில்லை.

பரீட்சை செய்யும் முறை எளிது. வண்டியைக் காலியாய்ச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் உரிய அளவு காற்று இருக்கிறதாவென்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள பாடியின் விளிம்பு வரையில் இரு பக்கமும் அளந்து எழுதிவைக்கவேண்டும். வண்டி புதிதாயிருக்கும்போதே இதைச் செய்துவைப்பது உத்தமம். அளவு பார்க்கப் பார்க்கக் குறைந்துவருமாயின் பட்டை தளர்கிறது என்பது வெளிப்படை. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அப்பக்கத்தில் ஏதேனும் முறிந்திருக்கலாம். அடுத்தபடியாக, சட்டப்படியான பாரத்தை ஏற்றி, அச்சுக்கு மேலுள்ள பம்ப் ரப்பரைப் பார்க்கவேண்டும். நின்ற நிலையிலேயே அச்சு அதைத் தொடுமாயின், பட்டையின் வேலை முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு குழியிலும் அடி நேரே சேஸில் இறங்கும். வெடிப்பு பெரும்பாலும் நடு போல்ட் துளையின் அருகிலும், முனையில் சுருட்டிய கண்ணிலும் காணப்படும். கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்தபிறகே அது புலனாகும். நடுத்துளையில் வெடித்த பட்டையைக் கண்டால் யு போல்ட் தளர்ந்திருந்ததாவென்று விசாரிக்கவேண்டும். பல சமயங்களில் குற்றம் அதனுடையதே.

குழலைப் பொறுத்தமட்டில், வண்டியின் முன்பக்கத்தைக் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கும் வழக்கம் சரியே. பின்பக்கப் பட்டைகள் கடினமானவை, கையழுத்தத்துக்கு அசையா. அங்கே எண்ணெய் ஒழுகுகிறதா, டயர் அங்கங்கே திட்டுத்திட்டாய்த் தேய்கிறதா என்பவற்றைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

தளர்ந்த பட்டையைப் பட்டறையில் அடித்து வளைத்துக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் உண்டு. காய்ச்சாமல் வளைத்தால் சில மாதம் நிற்கும், பின்பு தாழும். உலையில் காய்ச்சி வளைத்துவிட்டு, முறைப்படி பதம் ஏற்றாமல் விட்டால், உருக்கின் வில்தன்மையே போய்விடும். முறிந்த பட்டையை வெல்டிங் செய்வதோ அறவே கூடாது.

இனி, கூடுதல் பட்டை சேர்க்கும் விஷயம். "இன்னும் இரண்டு பட்டை போட்டால் இன்னும் ஐந்நூறு கிலோ ஏற்றலாம்" என்னும் பேச்சு சந்தைப் பக்கங்களில் சாதாரணம். சம கனமுள்ள ஐந்து பட்டைகளோடு ஆறாவதொன்று சேர்த்தால் அடுக்கின் கடினம் ஐந்தில் ஒரு பங்கு உயரும் என்பது மெய்யே. ஆனால் அச்சு, பேரிங், டயர், சேஸ், பிரேக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இதனால் பலம் பெறுவதில்லை. வண்டி தாழாமல் நிற்பதைக் கண்டு பாரம் அதிகமில்லை என்று கண் ஏமாறுகிறதே யொழிய வேறில்லை.

பிரேக் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. பல பிக்கப் வண்டிகளில், ஏற்றிய பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸில் பொருத்தப்பட்டு, ஒரு கம்பியினால் அச்சோடு இணைந்திருக்கும். சேஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியே அதற்குத் தராசு. பட்டையைக் கடினமாக்கினால், முழுப் பாரம் ஏறியும் இடைவெளி குறையாது. வால்வு வண்டி காலியென்று மயங்கிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்கு இது எத்தகைய அபாயம் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டை மிகத் தளர்ந்தாலும் இதே வால்வு மறுபுறம் மயங்கும். காலி வண்டியைப் பாரவண்டி என்று கருதிப் பின் பிரேக்கை மிகுத்துவிட, மழை நாளில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே, பட்டையை மாற்றுந்தோறும் அவ்வால்வையும் சரிபார்க்கச் செய்யவேண்டும்.

சரக்குக்கு உண்டாகும் நஷ்டமும் உண்டு. கடினமான பட்டை குறைந்த பாரத்தில் துள்ளும். துள்ளலில் அதிகம் நசுங்குவது அடிப்பெட்டியன்று. மேற்பெட்டியும், பின்சக்கரத்துக்குப் பின்னால் அடுக்கிய பெட்டிகளுமே. 1,200 கிலோ அனுமதியுள்ள வண்டியில் 15 கிலோப் பெட்டிகள் 80 ஏற்றலாம். 100 ஏற்றுகிறவர் 20 பெட்டிக்கான வாடகையை மிச்சம் பிடிப்பதாய் எண்ணுகிறார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 20 பெட்டியின் வாடகையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கனத்த பட்டை நியாயமாகும் சந்தர்ப்பம் ஒன்றே. தண்ணீர்த் தொட்டி, கூண்டு போன்ற நிலையான பாரத்தை வண்டி எந்நாளும் சுமக்கவேண்டியிருந்து, மொத்த எடை பதிவுச் சான்றில் கண்ட அளவுக்குள் அடங்குமாயின், அவ்வண்டிக்கென்று தயாரிப்பாளரே அங்கீகரித்த தொகுதியைப் பொருத்தலாம். மேற்படி சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மனம்போல் மாற்றியமைக்க இடந்தருவதில்லை. மற்றவர்களுக்குப் பழைய அளவே போதும்.

மாற்றும் வேலையை அறுவடைப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே முடித்துக்கொள்ளவேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சாயும். ஆதலின் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுக. யு போல்ட், புஷ் ஆகியவற்றையும் புதிதாகவே வாங்குக; நீண்டுபோன பழைய போல்ட் மறுமுறை சரியாய் இறுகாது. புதிய அடுக்கு சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்தபின், யு போல்ட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்கச் செய்யவேண்டும். பட்டறைக்காரர் இதைத் தாமாக நினைவூட்டுவது அரிது. வண்டிக்குரியவரே தேதி குறித்து வைத்துக்கொண்டு செல்லவேண்டும்.